கனடாப் படைவீரர் ஒருவரின் உலகப் போர்க் கோப்பைத் தேடி வாசிக்கும் முறை

கனடாவின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நகரசபை முற்றத்திலோ நூலகத்துக்கு எதிரிலோ ஒரு நினைவுத்தூணைக் காணலாம். அதில் 1914–1918 என்றும் 1939–1945 என்றும் ஆண்டுகளைப் பொறித்து, கீழே பெயர்களை வரிசைப்படுத்தியிருப்பார்கள். நவம்பர் 11ஆம் நாள் பொப்பி மலர் அணிந்து அந்தப் பெயர்களுக்கு முன்னால் மௌனமாக நிற்கிறோம். ஆனால் அங்குள்ள ஒரு பெயருக்குரியவர் எந்த வயதில் போனார், போவதற்கு முன் என்ன தொழில் செய்தார், தம் சம்பளத்தை யாருக்கு அனுப்பச் சொன்னார் என்பவற்றை அறிந்தவர்கள் மிகச் சிலரே. இவற்றையெல்லாம் வீட்டிலிருந்தபடியே, பெரும்பாலும் காசு செலவில்லாமல், கண்டுபிடிக்க முடியும். அந்த வழியையே இங்கே விளக்குகிறேன்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது கனடாவின் மக்கள்தொகை 80 இலட்சத்தை எட்டியிருக்கவில்லை. அந்தச் சிறிய தொகையிலிருந்து ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் பேர் படையில் சேர்ந்தனர். அப்போரில் இறந்தோருக்கான நினைவேட்டில் 66,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் 10 இலட்சத்துக்கும் அதிகமானோர் சீருடை அணிந்தனர். 44,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இவ்வளவு பேருக்கும் தனித்தனியே கோப்புகள் எழுதப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஒட்டாவாவைத் தலைமையிடமாகக் கொண்ட கனடா நூலக ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாப்பாக உள்ளது.

தேடலைத் தொடங்கும் முன்

முதலில் கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதிக்கொள்ளுங்கள். பெயரின் முதலெழுத்துகள், பதவி, படைப்பிரிவு, ஆண்டு என எது இருந்தாலும், அது பிழையாகத் தோன்றினாலும், திருத்தாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பிழையான எழுத்துக்கூட்டலே சில வேளைகளில் கோப்பிலும் இருக்கும். நீங்கள் திருத்தி எழுதினால் தேடலில் அது அகப்படாது.

அடுத்து, அவர் உண்மையிலேயே கனடாப் படையில் இருந்தவரா என்பதை எண்ணிப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்து 1949 வரை கனடாவின் பகுதியாக இருக்கவில்லை. 1916 ஜூலை 1ஆம் நாள் பிரான்சின் போமோன்-ஹாமெலில் தாக்குதலுக்குப் போன ஏறத்தாழ 800 நியூஃபவுண்ட்லாந்து வீரர்களில், மறுநாள் பெயர் அழைத்தபோது குரல் கொடுத்தவர்கள் 68 பேர் மட்டுமே. அவர்கள் தனியான ஒரு ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுடைய பதிவுகளும் தனியானவை. முதல் போரில் விமானிகளாகப் பறந்த கனடியர்கள் பலர் பிரித்தானிய விமானப் பிரிவுகளிலேயே பணியாற்றினர். அவர்களைப் பற்றிய தாள்களைப் பிரித்தானிய ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டியிருக்கும்.

பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது படையில் சேர்ந்தவருக்கு வழங்கப்பட்ட சேவை எண்ணைப் பற்றியதாக இருக்கட்டும். நான் முதன்முதலில் தேடிய வீரருக்கு மிகப் பரவலான ஓர் ஆங்கிலப் பெயர். அதே பெயரும் ஏறத்தாழ அதே வயதும் கொண்ட இன்னொருவரின் கோப்பை இரண்டு வாரம் வாசித்து, அவருடைய தாயின் முகவரிவரை குறித்து வைத்த பிறகுதான், அவர் போரிலிருந்து உயிருடன் திரும்பியவர் என்பதைக் கண்டேன். எண்ணை முதலிலேயே எடுத்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது.

இறந்த வீரராக இருந்தால் எண்ணைக் கண்டுபிடிப்பது எளிது. கனடாவின் முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களம் நடத்தும் மெய்நிகர் போர் நினைவகத்தில் 1,18,000க்கும் மேற்பட்டோரின் பக்கங்கள் உள்ளன. பொதுநலவாய போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் கல்லறையின் இடம், வரிசை, எண் ஆகியவை கிடைக்கும். இரண்டிலும் தேடுங்கள். ஒன்றில் இல்லாத பெற்றோர் பெயரோ வயதோ மற்றதில் இருக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். முதல் உலகப் போரில் கொல்லப்பட்ட கடைசிக் கனடா வீரர் என்று கருதப்படும் ஜோர்ஜ் லோரன்ஸ் பிரைஸ், 1918 நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் 10.58க்கு, போர்நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், பெல்ஜியத்தின் மோன்ஸ் நகருக்கு அருகே இறந்தார். பிரைஸ் என்று மட்டும் தேடினால் நீண்ட பட்டியல் வரும். 256265 என்ற எண்ணைக் கொடுத்தால் 28ஆவது பட்டாலியனைச் சேர்ந்த அவர் ஒருவரே வருவார். அதே எண்ணைக்கொண்டு அவர் சென் சிம்போரியன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதையும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

முதல் போரில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் எண்தொகுதி ஒதுக்கப்பட்டது. ஆகவே எண்ணைப் பார்த்தே அவர் முதலில் எந்தப் பிரிவில் சேர்ந்தார் என்பதைப் பெரும்பாலும் ஊகிக்கலாம். கல்லறையில் வேறு பிரிவின் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். கனடாவில் 260 காலாட்படைப் பட்டாலியன்கள் எண்ணிட்டுத் திரட்டப்பட்டபோதும் நான்கு டிவிஷன்களிலும் சேர்த்துப் போர்முனையில் நின்றவை 48 மட்டுமே. மற்றவற்றுள் பெரும்பாலானவை இங்கிலாந்தில் கலைக்கப்பட்டு, அவற்றின் ஆட்கள் முனையில் ஏற்பட்ட இழப்புகளை நிரப்ப அனுப்பப்பட்டனர். அதிகாரிகளுக்கு அப்போது எண் வழங்கப்படவில்லை. அவர்களைப் பெயரையும் பிரிவையும் கொண்டுதான் தேட முடியும்.

கல்லறையே இல்லாதவர்களும் உண்டு. பிரான்சில் உடல் கிடைக்காத 11,285 கனடா வீரர்களின் பெயர்கள் விமி நினைவுச்சின்னத்தில் செதுக்கப்பட்டுள்ளன. பெல்ஜியத்தில் மறைந்தவர்களுக்கு ஈப்பர் நகரின் மெனின் வாயில் உள்ளது. விமியில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் விமிப் போரில் இறந்தார் என்று எழுதிவிடாதீர்கள். பள்ளிக் கட்டுரைகளில் மிக அடிக்கடி நான் காணும் பிழை இதுவே. நாளைப் பாருங்கள்: விமி மேட்டுக்கான போர் 1917 ஏப்ரல் 9 முதல் 12 வரை நடந்தது, அந்த நான்கு நாளில் 3,598 கனடியர்கள் கொல்லப்பட்டனர். உங்கள் வீரர் 1916 செப்டெம்பரில் இறந்திருந்தால் அவர் கூர்செலெட் பகுதியில் வீழ்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதல் உலகப் போர்க் கோப்பை வாசித்தல்

முதல் போரின் ஆட்கோப்புகள் 6 இலட்சத்துக்கும் மேல். அவை அனைத்தையும் டிஜிட்டல் வடிவில் ஏற்றும் பணி 2018இல் முடிந்தது. ஆவணக் காப்பகத்தின் தளத்தில் எண்ணைத் தட்டினால் கோப்பு முழுவதையும் இலவசமாகத் தரவிறக்கலாம். பத்துப் பதினைந்து பக்கம் கொண்ட கோப்பும் உண்டு. மருத்துவமனையில் நெடுங்காலம் கிடந்தவருக்கு நூறு பக்கம் தாண்டியும் இருக்கும். தரவிறக்கியவுடன் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்காதீர்கள். தாள்கள் காலவரிசைப்படி இருப்பதில்லை. முதலில் சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுங்கள்.

சேர்க்கைப் படிவம் ஒரு தாளின் இரு பக்கங்கள். முன்பக்கத்தில் பெயர், பிறந்த ஊர், நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும், பிறந்த நாள், தொழில், திருமணமானவரா என்ற கேள்வி, முன்பு படையில் இருந்தாரா என்ற கேள்வி ஆகியன இருக்கும். பின்பக்கத்தில் உயரம், மார்பளவு, கண்ணின் நிறம், முடியின் நிறம், உடலிலுள்ள தழும்புகள், சமயம் ஆகியவற்றை மருத்துவர் எழுதியிருப்பார். ஒளிப்படம் இல்லாத ஒரு மனிதரின் தோற்றத்தை இந்தத் தாள் ஒன்றே நமக்குத் தருகிறது. அவருடைய கையெழுத்தைக் கவனமாகப் பாருங்கள். மற்ற விடைகளை எழுத்தர் விரைவாக எழுதியிருக்க, கையொப்பம் மட்டும் மெதுவாக, எழுத்தெழுத்தாக இருந்தால், எழுதிப் பழகாத கை அது என்று புரியும்.

படிவத்திலுள்ள வயதை அப்படியே ஏற்றுக்கொள்ளக்கூடாது. சேர்வதற்குரிய வயதை அடையாத சிறுவர்கள் கூட்டிச் சொன்னார்கள்; வயது கடந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். குடிசன மதிப்பீட்டுப் பதிவோடும் பிறப்புப் பதிவோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே வயதை எழுத வேண்டும். 1917ஆம் ஆண்டின் இராணுவச் சேவைச் சட்டத்தின்படி கட்டாயமாக அழைக்கப்பட்டவர்களுக்குப் படிவமே வேறு. அதைக் கண்டால் அவர் தாமாக முன்வந்தவர் என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து எடுக்க வேண்டியது, செயற்களச் சேவைக்கான இழப்புப் படிவம். இந்தப் பெயர் பலரைத் திகைக்க வைக்கிறது. காயமோ மரணமோ மட்டும் அதில் எழுதப்படவில்லை; இடமாற்றம், விடுப்பு, பதவி உயர்வு, தண்டனை, நோய் என ஒருவரின் நிலையில் ஏற்பட்ட ஒவ்வொரு மாற்றமும் அதில் ஒரு வரியாகப் பதியப்பட்டது. அவருடைய போர் வாழ்க்கையின் முதுகெலும்பு இந்தத் தாளே. ஒவ்வொரு வரியையும் நாள், இடம், செய்தி என மூன்று நிரல்களாக உங்கள் கையால் மீண்டும் எழுதுங்கள். எழுதும்போதுதான் இடைவெளிகள் கண்ணில் படும்.

இதில் சுருக்கெழுத்துகள் நிறைய வரும். டி.ஓ.எஸ். (T.O.S.) என்பது ஒரு பிரிவின் பட்டியலில் சேர்க்கப்பட்டதையும் எஸ்.ஓ.எஸ். (S.O.S.) என்பது அதிலிருந்து நீக்கப்பட்டதையும் குறிக்கும். எஸ்.ஓ.எஸ். என்பதைக் கண்டு ஆபத்து அழைப்பு என்று எண்ணியவர்களை நான் அறிவேன். ஜி.எஸ்.டபிள்யூ. (G.S.W.) என்பது துப்பாக்கிக் குண்டுக் காயம் என்றாலும் எறிகணைச் சிதறல் பட்டவர்களுக்கும் அதையே எழுதினார்கள். என்.வை.டி. (N.Y.D.) என்றால் நோய் இன்னும் கண்டறியப்படவில்லை என்பதும், பி.யூ.ஓ. (P.U.O.) என்றால் காரணம் தெரியாத காய்ச்சல் என்பதும் பொருள். ஏ.டபிள்யூ.எல். (A.W.L.) என்பது அனுமதியின்றிச் சென்றதைக் குறிக்கும். எஃப்.பி. நம்பர் 1 (F.P. No. 1) என்று வந்தால் அது களத் தண்டனை: ஒரு நாளில் இரண்டு மணி நேரம்வரை சக்கரத்திலோ கம்பத்திலோ கட்டி வைத்திருப்பார்கள். பாலியல் நோய்க்கான குறிப்புகளும் பல கோப்புகளில் உள்ளன. உங்கள் பாட்டனாரைத் தேடுகிறீர்கள் என்றால் இவற்றைக் காண நேரலாம் என்று மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். கண்ட பிறகு மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இருபது வயதில் அகழியில் கிடந்த ஒருவரை நாம் இன்று விசாரணைக்கு நிறுத்தவில்லை.

சம்பளத் தாள்களை அநேகர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. சாதாரணச் சிப்பாயின் நாட்கூலி ஒரு டொலர். களப்படியாக மேலும் 10 சதம். அதில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பணம் யார் பெயருக்குப் போனது என்பதைப் பாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் தந்தையை நெருங்கிய உறவினராகக் காட்டியவர் பணத்தைத் தாயின் பெயருக்கு அனுப்பியிருப்பார். மணமாகாதவர் என்று எழுதியவரின் தாளில் நடுவே ஒரு மனைவியின் பெயர் தோன்றும். முகவரி அடிக்கப்பட்டு வேறோர் ஊர் எழுதப்பட்டிருக்கும். கடிதம் எதுவும் மிஞ்சாத ஒரு குடும்பத்தின் வரலாறு இந்தக் கோடுகளுக்குள் இருக்கிறது. இறந்தவரானால் தாய்க்கும் மனைவிக்கும் வெள்ளிச் சிலுவை என்னும் நினைவுப் பதக்கம் அனுப்பிய குறிப்பைத் தேடுங்கள். 1919 டிசெம்பரில் ஏற்படுத்தப்பட்ட அந்தச் சிலுவை யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைக் கொண்டு, அவருடைய தாய் அப்போது உயிருடன் இருந்தாரா என்பதையும் அறியலாம்.

கோப்பை முடித்த பின் அவருடைய பட்டாலியனின் போர் நாட்குறிப்புக்குப் போங்கள். ஒவ்வொரு பிரிவும் அன்றாடம் எழுதிய இந்த நாட்குறிப்புகளும் காப்பகத்தின் தளத்தில் உள்ளன. அவற்றில் அதிகாரிகளின் பெயர் வரும். சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வருவார்கள். உங்கள் வீரர் காயமடைந்த நாளைத் திறந்து பார்த்தால், அன்று மழை பெய்ததா, பிரிவு முன்வரிசையில் நின்றதா, எத்தனை பேரை இழந்தது என்பவை தெரியும். ஒரு எச்சரிக்கை: மருத்துவமனை எழுதிய நாள், காயம்பட்ட நாளுக்கு இரண்டு மூன்று நாள் பின்னதாக இருக்கலாம். ஆகவே முந்தைய நாட்களையும் சேர்த்தே வாசியுங்கள்.

இரண்டாம் போரின் கோப்புகள்

1914இல் பிரித்தானியா போர் அறிவித்தவுடன் கனடாவும் தானாகவே போருக்குள் வந்தது. 1939இல் அப்படியல்ல; கனடா தன் நாடாளுமன்றத்தில் விவாதித்து, செப்டெம்பர் 10ஆம் நாள் தனியே போரை அறிவித்தது. இந்தப் போரின் கோப்புகளைப் பெறுவது சற்றுக் கடினம். சேவையில் இறந்தவர்களின் கோப்புகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. திரும்பி வந்தவர்களின் கோப்புகளுக்குத் தனியுரிமைக் கட்டுப்பாடு உண்டு: அவர் இறந்து 20 ஆண்டு கடந்திருந்தால், இறப்புச் சான்றுடன் எவரும் காப்பகத்துக்கு விண்ணப்பிக்கலாம், 20 ஆண்டு ஆகவில்லையென்றால் நெருங்கிய குடும்பத்தினர் மட்டும் வரையறுக்கப்பட்ட விபரங்களைப் பெறலாம். விடை வர நீண்ட காலம் எடுக்கும் என்பதால் மற்ற வேலைகளைத் தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.

இந்தப் போரில் தரைப்படையினரின் எண்ணுக்கு முன் ஓர் எழுத்து வரும். அது சேர்ந்த மாவட்டத்தைக் காட்டுகிறது: பி (B) என்றால் ரொறன்ரோ, டி (D) என்றால் மொன்றியல், எஃப் (F) என்றால் நோவா ஸ்கோஷியா, எச் (H) என்றால் மனிரோபா. விமானப்படைச் சாதாரண வீரர்களுக்கு ஆர் (R) என்ற எழுத்து. கனடாத் தன்னார்வச் சேவைப் பதக்கத்தில் வெள்ளி மேப்பிள் இலை பொருத்தப்பட்டிருந்தால் அவர் கடல் கடந்து பணியாற்றியவர்.

பிரிவும் நாளும் தெரிந்தால் களத்தைக் கண்டுபிடிக்கலாம். வின்னிபெக் கிரனடியர்ஸ் அல்லது ரோயல் ரைபிள்ஸ் என்றிருந்தால் அது பெரும்பாலும் ஹொங்கொங். அங்கே அனுப்பப்பட்ட 1,975 பேரில் போரிலும் ஜப்பானியச் சிறையிலுமாக 550க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1942 ஆகஸ்ட் 19 என்றால் பிரான்சின் டியெப் துறைமுகம். ஏறத்தாழ 5,000 கனடியர்கள் பங்கேற்ற அந்த ஒரே நாளில் 900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1943 டிசெம்பர் என்றால் இத்தாலியின் ஓர்ட்டோனாவையும், 1944 ஜூன் 6 என்றால் நோர்மண்டியின் ஜூனோ கடற்கரையையும், அவ்வாண்டு ஒக்டோபர் என்றால் ஷெல்ட் ஆற்று முகத்தையும் பாருங்கள்.

விமானப்படையினரைத் தேடுபவர்கள் ஐரோப்பாவோடு நின்றுவிட வேண்டாம். 413ஆவது கனடா விமானப்படைப் பிரிவு இலங்கையின் தெற்கிலுள்ள கொக்கலையில் தங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் அங்கிருந்து கட்டலினா விமானத்தில் புறப்பட்ட லெனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு கம்பியில்லாத் தந்தியில் எச்சரித்தார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, உயிர்தப்பியவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மீதும், 9ஆம் நாள் திருகோணமலையின் மீதும் குண்டு விழுந்தபோது, அந்த எச்சரிக்கை முன்பே வந்து சேர்ந்திருந்தது. இலங்கையிலிருந்து கனடாவுக்கு வந்த நம்மவர்களுக்கு இந்த ஒன்ராறியோக்காரரின் கதை இன்னும் அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

படிவம் மறைத்தவர்கள்

முதல் போரின் சேர்க்கைப் படிவத்தில் இனம் பற்றிய கேள்வி இல்லை. எனவே முதற்குடி வீரர்களையும் கறுப்பின வீரர்களையும் ஆசிய வீரர்களையும் நேரடியாகத் தேடிப் பிரிக்க முடியாது. உறவினரின் முகவரி ஒரு முதற்குடி ஒதுக்கீட்டு நிலமாக இருப்பது, தோலின் நிறம் பற்றிய மருத்துவரின் சொல், சேர்ந்த பிரிவு ஆகியவற்றிலிருந்தே ஊகிக்க வேண்டும். பல இடங்களில் சேர்க்க மறுக்கப்பட்ட கறுப்பின ஆண்களுக்காக 1916இல் நோவா ஸ்கோஷியாவில் அமைக்கப்பட்டது 2ஆவது கட்டுமானப் பட்டாலியன். அவர்கள் நடத்தப்பட்ட விதத்துக்காக கனடா அரசு 2022இல் மன்னிப்புக் கேட்டது. ஒஜிப்வே இனத்தவரான பிரான்சிஸ் பெகமகபோ இராணுவப் பதக்கத்தை மூன்று முறை பெற்றவர். ஊர் திரும்பிய பின் வாக்குரிமைகூட இல்லாமல் வாழ்ந்தவர்.

தெற்காசியப் பெயர்களைத் தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்ததையே எழுதினார். முதல் போரில் கனடாப் படையில் இருந்த மிகச் சில சீக்கியர்களில் ஒருவரின் பெயர் பக்கம் சிங் (Buckam Singh). 20ஆவது பட்டாலியனில் போரிட்டுக் காயமடைந்து, காசநோயால் 1919இல் இறந்து, ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். நெடுங்காலம் எவரும் அவரை அறியவில்லை. இலண்டனில் ஒரு கடையில் விற்பனைக்கு வந்த அவருடைய பதக்கத்தை ஒருவர் வாங்கித் தேடத் தொடங்கிய பிறகே அவர் வெளியே தெரிந்தார். முதல் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதே அந்தத் தேடலைச் சாத்தியமாக்கியது. ஆகவே வீட்டிலோ பழைய பொருட் கடையிலோ பதக்கம் கிடைத்தால், துலக்குவதற்கு முன் அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

கண்டெடுத்ததைப் பதிவு செய்தல்

இறந்த வீரரின் ஒளிப்படமோ செய்தித்தாள் நறுக்கோ உங்களிடம் கிடைத்தால், மெய்நிகர் போர் நினைவகத்தில் அவருடைய பக்கத்தில் நீங்களே அதைச் சேர்க்கலாம். எங்கிருந்து கிடைத்தது, எந்த ஆண்டு, படத்தில் எவர் என்பவற்றை மறவாமல் எழுதுங்கள். உறுதியில்லாததைச் சேர்க்காதீர்கள், அடுத்துத் தேட வருபவர் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்வார்.

அதே பக்கத்தில் அவருடைய பெயர் நினைவேட்டின் எத்தனையாவது பக்கத்தில் உள்ளது என்பதும் கொடுக்கப்பட்டிருக்கும். ஒட்டாவாவின் நாடாளுமன்றக் குன்றில் வைக்கப்பட்டுள்ள அந்த ஏடுகளின் தாள் நாள்தோறும் முற்பகல் 11 மணிக்குத் திருப்பப்படுகிறது. ஒவ்வொரு பெயரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். உங்கள் வீரரின் பக்கம் எந்த நாளில் திறக்கப்படும் என்பதைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்று ஒட்டாவாவுக்குச் செல்லுங்கள்.